ப்ளே தெரபிஸ்ட் ஆகணும்னா என்ன படிக்கணும்? மதுரைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஸ்கூல் கவுன்சிலர், சாயங்காலத்துல ஒரு சின்ன ரூம்ல பிள்ளைகளையும் பாக்குறேன். காலேஜ் படிக்கிற பிள்ளைக, டீச்சர்மாருக, வேலையை விட்டுட்டு வீட்ல இருக்கிற அம்மாக்கள்னு வாட்ஸ்அப்ல வர்ற கேள்வியெல்லாம் முக்காவாசி ஒண்ணாத்தான் இருக்கு, அதே வாய்ஸ் நோட்டை எத்தனை தடவை அனுப்புறது. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு கீழ பதில் எழுதி வச்சுட்டேன். முதல்ல ஈஸியானது, போகப் போக கொஞ்சம் சிக்கலானது. வரிசையா படிச்சா நல்லது, மேல சொன்னதை கீழ திரும்ப சொல்லல.

அக்கா, ப்ளே தெரபின்னா பிள்ளைக கூட விளையாடுறது தானே? அதுக்கு எதுக்கு கோர்ஸ்?

விளையாடுறது பிள்ளை. நீங்க அங்க விளையாட்டு காட்ட போகல. பெரியவங்க மனசுல இருக்கிறதை வாயால சொல்லுவாங்க, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு "எங்க அப்பா வெளிநாடு போனதுல இருந்து எனக்கு ராத்திரி பயமா இருக்கு"ன்னு கோர்வையா சொல்லத் தெரியாது, ஆனா ஒரு பொம்மையை எடுத்து கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சு, இன்னொரு பொம்மையை வாசல்ல காவலுக்கு நிறுத்தி, அதையே நாலு வாரம் விளையாடத் தெரியும். அதைப் பாத்து, புரிஞ்சுக்கிட்டு, கெடுக்காம, சரியான நேரத்துல சரியா ஒரு வார்த்தை சொல்றதுக்குத் தான் பயிற்சி.

பிள்ளைகளை ரொம்பப் பிடிக்கும்கிறது நல்ல விஷயம் தான், ஆனா அது மட்டும் போதும்னா எங்க தெருவுல இருக்கிற எல்லா அப்பத்தாவும் தெரபிஸ்ட் தான்.

இது இப்ப வந்த ஃபேஷனா மேடம்? எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே

நூறு வருஷம் ஆகப் போகுது. 1920கள்லயே மெலனி க்ளைன், அன்னா ஃப்ராய்ட்னு ரெண்டு மனோதத்துவ நிபுணருங்க பிள்ளைகளோட வேலை பாக்க விளையாட்டைப் பயன்படுத்துனாங்க, ரெண்டு பேருக்கும் ஒத்துக்காது அது வேற கதை. லண்டன்ல மார்கரெட் லோவன்ஃபெல்ட் மணல் தொட்டியும் குட்டிக் குட்டி பொம்மையும் வச்சு ஒரு முறை கொண்டு வந்தாங்க, அதுல இருந்து தான் பின்னாடி டோரா கால்ஃப் சாண்ட்ப்ளே உருவாக்குனாங்க. அமெரிக்காவுல சைக்காலஜிஸ்ட் கார்ல் ரோஜர்ஸ் வழியில வந்த வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1940கள்ல 8 கொள்கை எழுதுனாங்க, பிள்ளையை இருக்கிறபடியே ஏத்துக்கோ, அது வழி காட்டட்டும் நீ பின்னால போ, அவசரப்படுத்தாதே, தேவையான கட்டுப்பாடு மட்டும் வை, இந்த மாதிரி. இன்னைக்கும் எந்த நல்ல கோர்ஸ் போனாலும் முதல் வாரம் இந்த எட்டுல தான் ஆரம்பிப்பாங்க.

எந்த வயசு வரைக்கும்? என்ன மாதிரி பிரச்சனைக்கு?

பொதுவா 3 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும். அதுக்கு மேல பேச்சு, வரையறது, கேம்ஸ்னு கலந்து போகும். பயம், ஸ்கூலுக்கு போக மாட்டேங்கிறது, வீட்ல சாவு, அப்பா அம்மா பிரியிறது, ஆக்சிடென்ட், ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற பயம், கோவம், வீட்ல பேசுற பிள்ளை வெளிய ஒரு வார்த்தை பேசாம இருக்கிறது, கொடுமைக்கு ஆளான பிள்ளைக. வாரம் ஒரு தடவை, 30ல இருந்து 50 நிமிஷம், அதே ரூம், அதே பொம்மை, அதே ஆள். அந்த "அதே" ரொம்ப முக்கியம்.

ட்ரெய்னிங்ல அப்படி என்ன தான் சொல்லித் தராங்க, ஒரு சேம்பிள் சொல்லுங்களேன்

இதுக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா மத்த பாதி கேள்வி தேவைப்படாது.

ஒரு பொண்ணு டாக்டர் செட்டை எடுத்து பொம்மைக்கு ஊசி போடுதுன்னு வைங்க. போட்டு முடிச்சு இன்னொண்ணு. திரும்ப இன்னொண்ணு. புதுசா வந்த ட்ரெய்னி என்ன பண்ணுவாங்க, "அச்சச்சோ பாப்பாவுக்கு வலிக்கும்ல, போதும்டா தங்கம்"ம்பாங்க, இல்லாட்டி "குட் கேர்ள், பெருசானா டாக்டர் ஆகப் போறியா"ம்பாங்க. ரெண்டுலயும் கதை முடிஞ்சுச்சு. முதல் ஆள் பிள்ளையோட கோவத்துக்கு கதவை சாத்திட்டாங்க, ரெண்டாவது ஆள் மார்க் போட ஆரம்பிச்சுட்டாங்க, இனிமே அந்தப் பிள்ளை இவங்களுக்கு பிடிச்ச மாதிரி விளையாடும். பயிற்சி எடுத்தவங்க "இன்னொரு ஊசி. அதை விடவே மாட்டேங்கிற"ன்னு மட்டும் சொல்லுவாங்க. பிள்ளை சொல்லும், "அழுதா அதுக்கு இன்னும் ஒண்ணு". "ஓ, அழுதா இன்னும் ஒண்ணு கிடைக்கும்." அவ்ளோ தான். கேள்வி கேக்கல, யாரு உனக்கு ஊசி போட்டான்னு தோண்டல, பாராட்டல, புத்தி சொல்லல. இதை மாதிரி முப்பது நிமிஷம் இருக்கிறது எவ்ளோ கஷ்டம்னு உக்காந்து பாத்தா தான் தெரியும், நம்ம ஊர்ல பிள்ளையைப் பாத்தா புத்தி சொல்லாம இருக்க முடியுமா என்ன.

இன்னொண்ணு, பிள்ளை கையில எடுத்ததுக்கு நீங்க பேர் வைக்கக் கூடாது. நமக்கு கார் மாதிரி தெரியும், அதுக்கு அது ஆம்புலன்ஸா இருக்கும், பாம்பா கூட இருக்கும். அது பேர் சொல்ற வரைக்கும் "அது", "இது" தான். அப்புறம் கட்டுப்பாடு வைக்கிறதுக்கு கேரி லாண்ட்ரத்னு ஒருத்தர் சொன்ன மூணு படி இருக்கு: மணலை உங்க மூஞ்சில எறிய வர்றான்னா, "உனக்கு என் மேல கோவம் வந்துருச்சு. மணலை என் மேல எறியக் கூடாது. தொட்டிக்குள்ள எவ்ளோ வேணாலும் எறியலாம்." உணர்வு, எல்லை, மாற்று வழி, இந்த வரிசையில. "டேய் என்னடா பண்ற"ன்னு சத்தம் போடாம இதை சொல்ல வரணும், அதுவும் கண்ணுல மணல் விழுந்த அப்புறம்.

நான் பன்னெண்டாவது காமர்ஸ் குரூப். காலேஜ்ல என்ன எடுக்கணும்?

காமர்ஸ்னா ஒரு தடையும் இல்ல, பிஏ, பிஎஸ்சி சைக்காலஜிக்கு நிறைய காலேஜ்ல எல்லா குரூப்பும் எடுத்துக்கிறாங்க, சேர்ற காலேஜ்ல கேட்டுக்கோங்க. சோஷியல் ஒர்க் கூட நல்ல வழி தான்.

ஆனா ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க. ப்ளே தெரபிங்கிறது அடித்தளம் கிடையாது, மேல் மாடி. சைக்காலஜி, சோஷியல் ஒர்க், கவுன்சிலிங், ஸ்பெஷல் எஜுகேஷன், ஆக்குபேஷனல் தெரபி, மருத்துவம், இதுல ஏதோ ஒண்ணுல டிகிரி, முடிஞ்சா பிஜி. அதுக்கு மேல ப்ளே தெரபி பயிற்சி. பதினெட்டு வயசுல நேரா ப்ளே தெரபி கோர்ஸ்னு யாராவது விளம்பரம் போட்டா தாண்டிப் போயிருங்க.

எனக்கு 36 வயசு, பிஇ முடிச்சு ஐடில இருந்தேன், ரெண்டு பிள்ளைக. இப்ப ஆரம்பிச்சா லேட்டா?

வயசு பிரச்சனையே இல்ல, சொல்லப் போனா இந்த வேலைக்கு கொஞ்சம் வாழ்க்கையைப் பாத்தவங்க வந்தா நல்லது. ஆனா மேல சொன்ன அடித்தளம் உங்களுக்கும் வேணும், அதனால ரெண்டு வருஷம் பிஜி, அதுக்கப்புறம் ப்ளே தெரபி பயிற்சி ஒண்ணு ரெண்டு வருஷம், அதுலயே பிள்ளைகளைப் பாக்குற மணி நேரக் கணக்கு. ஆக மொத்தம் மூணு நாலு வருஷம்னு வீட்ல சொல்லிட்டு ஆரம்பிங்க, ஆறு மாசம்னு சொல்லிட்டு ஆரம்பிச்சா மாமியார் வீட்டுல தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

ஒரு வார்த்தை, உங்க பிள்ளைக்கு ஏதோ பிரச்சனை இருந்து அதை நாமளே சரி பண்ணலாம்னு இதுக்கு வர்றீங்கன்னா, முதல்ல பிள்ளையை நல்ல ஆள்கிட்ட காட்டுங்க. படிப்பை அப்புறம் பாப்போம்.

வீட்ல இருந்தே தபால்ல எம்எஸ்சி சைக்காலஜி போட்டுரலாம்ல?

முன்னாடி எல்லாரும் அப்படித் தான் போட்டாங்க, இப்ப முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜியை தொலைதூரக் கல்வியிலயோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு யுஜிசி நிறுத்திருச்சு. 2021ல வந்த அலைடு ஹெல்த்கேர் கமிஷன் சட்டத்துக்கு கீழ இந்தப் படிப்பெல்லாம் வந்ததால தான் இந்த முடிவு. அதுக்கு முன்னாடி சேந்து படிச்சவங்க பயப்பட வேணாம், ஆனா புதுசா யாராவது "கரஸ்ல அட்மிஷன் போட்டுத் தரேன், பழைய தேதி போட்டுக்கலாம்"னு சொன்னா பணம் போச்சுன்னு அர்த்தம்.

அதனால வீட்ல இருக்கிற அம்மாக்களுக்கு ரெகுலர் காலேஜ் தான் வழி. கஷ்டம் தான், தெரியுது.

ஆர்சிஐ நம்பர் இல்லாம பண்ணலாமா? ஒருத்தர் ஜெயிலு அது இதுன்னு பயமுறுத்துறாரு

இதைக் கொஞ்சம் பிரிச்சு பாக்கணும். ஆர்சிஐன்னா ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, 1992 சட்டம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ரீஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் ஆளுங்க, இவங்களுக்கெல்லாம் அதுல பதிவு வேணும். பதிவு இல்லாம அந்த வேலையைப் பாத்தா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 1000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும்னு சட்டத்துலயே இருக்கு. அவர் சொன்னது அதைத் தான்.

"ப்ளே தெரபிஸ்ட்"னு தனியா ஒரு அரசு லைசென்ஸ் நம்ம நாட்டுல கிடையாது. அதனால தான் யார் வேணாலும் போர்டு மாட்டுறாங்க, அதனாலயே தான் உங்க அடிப்படைத் தகுதி என்னங்கிறது முக்கியம் ஆகுது. எம்எஸ்டபிள்யூ (சோஷியல் ஒர்க் பிஜி) முடிச்சு ப்ளே தெரபி பயிற்சி எடுத்தவங்க "சோஷியல் ஒர்க்கர், ப்ளே தெரபியில பயிற்சி பெற்றவர்"னு போட்டுக்கலாம், "சைல்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்"னு போடக் கூடாது. நோயின் பேர் எழுதி ரிப்போர்ட் குடுக்கிறது, ஐக்யூ டெஸ்ட் போட்டு சர்ட்டிபிகேட் குடுக்கிறது இதெல்லாம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேலை. நமக்கு எதுக்கு.

கிளினிக்கல் பக்கம் தான் போகணும்னா எம்ஃபில் காலம் முடியுது, யுஜிசி அதுக்கு 2025-26 வரைக்கும் தான் டைம் குடுத்தது, ஆர்சிஐ அந்த இடத்துக்கு புதுக் கோர்ஸ் கொண்டு வருது. எந்தக் காலேஜ்ல சேர்ந்தாலும் ஆர்சிஐ லிஸ்ட்ல அந்த வருஷத்துக்கு அந்தக் கோர்ஸ் இருக்கான்னு நீங்களே பாருங்க. பிரின்சிபால் வாயால சொன்னா போதாது.

சண்டே ஒரு நாள் ஜூம்ல கிளாஸ், 999 ரூபா, சர்ட்டிபிகேட்ல ஹோலோகிராம் எல்லாம் இருக்கு. இனி போர்டு வச்சுக்கலாமா?

வேணாம்யா. எல்எல்ஆர் வாங்குன கையோட மாட்டுத்தாவணில பஸ்ஸை எடுக்கிற கதை அது. ஒரு நாள் கிளாஸ் கெட்டதுன்னு சொல்லல, டீச்சருக்கும் அம்மாக்களுக்கும் அது நல்லா உதவும், இதுல என்ன இருக்குன்னு எட்டிப் பாக்க நல்ல வழி. அதை வச்சு ஒரு பிள்ளையோட மனசுல கை வைக்கக் கூடாது, அவ்ளோ தான். திறந்துட்டு மூடத் தெரியாம விட்டா அந்தப் பிள்ளைக்கு அடுத்து வர்ற நல்ல ஆள் மேலயும் நம்பிக்கை வராது.

அப்போ நல்ல கோர்ஸ்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

சர்ட்டிபிகேட்ல யார் கையெழுத்துன்னு பாக்குறதை விட்டுட்டு மணி நேரத்தைக் கேளுங்க. நிஜப் பிள்ளைகளை நான் எத்தனை மணி நேரம் பாக்கணும், அதுல எத்தனை மணி நேரம் சூப்பர்விஷன் (அனுபவம் உள்ள ஒருத்தர் உங்க வேலையைப் பாத்துத் திருத்துறது), யாரு சூப்பர்வைசர், என் செஷன் வீடியோவை யாராவது பாப்பாங்களா, சரியில்லைன்னா ஃபெயில் பண்ணுவீங்களா. கடைசிக் கேள்விக்கு "ஃபெயில் எல்லாம் கிடையாது மேடம், எல்லாருக்கும் சர்ட்டிபிகேட் உண்டு"ன்னு பெருமையா சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

அளவுகோலுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல 1982ல ஆரம்பிச்ச அசோசியேஷன் ஃபார் ப்ளே தெரபி, பதிவு பெற்ற ப்ளே தெரபிஸ்ட்டுக்கு கேக்குறது 150 மணி நேர வகுப்பு, 350 மணி நேரம் பிள்ளைகளோட நேரடி வேலை, 35 மணி நேர சூப்பர்விஷன். அதுவும் ஏற்கனவே பிஜி முடிச்சு மனநல லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு. இங்கிலாந்து வழியில வந்த ப்ளே தெரபி இண்டர்நேஷனல் பாடத்திட்டத்துல இந்தியாவுலயும் கோர்ஸ் நடக்குது, முதல்ல சர்ட்டிபிகேட் அப்புறம் டிப்ளமோன்னு படிப்படியா. உங்க கையில இருக்கிற நோட்டீஸை இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டு நாள்ல மாஸ்டர் ப்ளே தெரபிஸ்ட்னு போட்டிருந்தா உங்களுக்கே சிரிப்பு வரும்.

மதுரையிலயே எல்லாம் முடிச்சுரலாமா? வெளியூர்னா வீட்ல விட மாட்டாங்க

அடித்தளத்தை இங்கயே போட்டுரலாம். எம்எஸ்டபிள்யூவுக்கு மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ் ரொம்ப காலமா இருக்கு, சைக்காலஜிக்கு நம்ம ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் காலேஜ் தேடிப் பாருங்க. பிஜில ஃபீல்டு ஒர்க் போடும்போது பிள்ளைக இருக்கிற இடமா கேட்டு வாங்குங்க. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு, 1992ல இருந்து மனநலத்துக்காக ஓடுற எம்எஸ் செல்லமுத்து டிரஸ்ட், பிள்ளைக ஹோம், ஸ்பெஷல் ஸ்கூல், இங்கெல்லாம் போய் நின்னா தான் கிராமத்துல இருந்து வர்ற பிள்ளை எப்படி இருக்கும், உசிலம்பட்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற அம்மா எதுக்கு அடுத்த வாரம் வரலன்னு புரியும். காலேஜ் நோட்ஸ்ல அது வராது.

ப்ளே தெரபி பயிற்சிக்கு சென்னை, பெங்களூர்னு போய்த் தான் ஆகணும், அதுவும் தொடர்ந்து இல்ல, சில நாள் நேர்ல உக்காந்து மத்தது ஆன்லைன்ல நடக்குற மாதிரி இருக்கும். பாண்டியன்ல ராத்திரி ஏறி காலையில எழும்பூர்ல இறங்குறது பழகிரும். முழுக்க முழுக்க ஆன்லைன்லயே ப்ளே தெரபி சொல்லித் தரேன்னா எனக்கு நம்பிக்கை இல்ல, தரையில உக்காந்து மணலைத் தொடாம இதைப் படிக்க முடியாது.

சூப்பர்விஷன்னா மேடம் ரூம்ல கூட உக்காந்து பாப்பாங்களா?

இல்ல. நீங்க தனியா பிள்ளையைப் பாப்பீங்க, அப்பா அம்மாகிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு வீடியோவோ குறிப்போ எடுத்து வைப்பீங்க, அப்புறம் சூப்பர்வைசர் கூட உக்காந்து அதைப் பிரிச்சுப் போடுவீங்க. "இந்த இடத்துல ஏன் சிரிச்சீங்க?", "அவன் உங்களை பொம்மைத் துப்பாக்கில சுட்டப்ப ஏன் உடனே பேச்சை மாத்துனீங்க?"ன்னு கேப்பாங்க. வேர்த்துரும். வகுப்புல படிச்சதை விட இதுல தான் ஆள் உருவாகுறாங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன். நல்ல வேளை, இதை ஆன்லைன்ல செய்யலாம், மதுரையில இருந்துக்கிட்டே வெளியூர் சூப்பர்வைசர்கிட்ட எடுக்கலாம். கோர்ஸ் முடிஞ்ச அப்புறமும் இதை நிறுத்தக் கூடாது, நானும் இன்னும் எடுத்துக்கிட்டுத் தான் இருக்கேன்.

பட்ஜெட் போடும்போது இதையும் சேத்துப் போடுங்க. கோர்ஸ் ஃபீஸ் மட்டும் கணக்குப் பண்ணிட்டு வந்து பாதியில நிக்கிறவங்க நிறைய.

படிக்கும்போது நாமளும் தெரபி எடுக்கணுமாமே? எனக்கு என்ன பைத்தியமா?

அப்படியில்லப்பா. சின்ன வயசுல அடி வாங்கி வளந்த ஆள்னு வைங்க, ரூம்ல ஒரு பிள்ளை பொம்மையைப் போட்டு வெளுக்குது. உங்களுக்கு உள்ள என்னமோ பண்ணும், ஒண்ணு நிறுத்தச் சொல்லுவீங்க, இல்ல அந்தப் பிள்ளை மேல தேவைக்கு மேல பாவப்படுவீங்க. அது யாரோட வலின்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்ல. அதுக்குத் தான். சில கோர்ஸ்ல கட்டாயம், கட்டாயம் இல்லாட்டியும் எடுங்க.

ரூம் போட எவ்ளோ ஆகும்? ஆன்லைன்ல கிட்டு பாத்தா தலை சுத்துது

கிட்டு வாங்காதீங்க. அதுல இருக்கிற பொம்மைக் குடும்பம் எல்லாம் செம்பட்டை முடி, சோபா, ஃபயர்ப்ளேஸ். நம்ம பிள்ளைக்கு எதுக்கு ஃபயர்ப்ளேஸ்.

மூணு வகை இருந்தா போதும். நிஜ வாழ்க்கை சாமான், கோவத்தையும் பயத்தையும் காட்டுற சாமான், எதையாவது உருவாக்குற சாமான். மீனாட்சி கோவிலைச் சுத்தி இருக்கிற கடையில சொப்பு சாமான் ஒரு செட் எடுங்க, அடுப்பு, அம்மி, குடம், கரண்டி. குடும்பப் பொம்மையில அப்பத்தா, தாத்தா, கைக்குழந்தை கட்டாயம் வேணும், நிறமும் நம்ம நிறமா இருக்கட்டும். விளாச்சேரியில மண் பொம்மை செய்றவங்ககிட்ட சொன்னா மாடு, நாய், யானை எல்லாம் கிடைக்கும், காளை ரெண்டு மூணு வாங்கி வைங்க, நம்ம பக்கத்துப் பயலுக கோவத்தைக் காட்ட முதல்ல எடுக்கிறது அதைத் தான், வாடிவாசல் கட்டி அவுத்து விட்டு ஆளைத் தூக்கிப் போட்டு விளையாடுவாங்க, நீங்க சிங்கம் டைனோசர் வச்சிருந்தாலும் ரெண்டாவது தான். மண் பொம்மை உடையும், உடைஞ்சா உடைஞ்சது, ஆனா கூரா உடைஞ்சதை அன்னைக்கே எடுத்துருங்க. அப்புறம் ஆட்டோ, போலீஸ் ஜீப், ஆம்புலன்ஸ், டாக்டர் செட், ரெண்டு பழைய போன், ஒண்ணு இல்ல ரெண்டு, அப்போ தான் பேச முடியும். கைவிலங்கு, கயிறு, அட்டைக் கத்தி. கிரேயான், களிமண், பழைய துப்பட்டா நாலு.

மணலுக்கு ஒரு பெரிய ப்ளாஸ்டிக் தொட்டி, உள்பக்கம் நீல பெயின்ட், அடியில தெரிஞ்சா பிள்ளைக்கு அது கம்மாய், கடல், என்ன வேணாலும். மணலை நல்லா அலசி வெயில்ல காயப் போட்டு சலிச்சுட்டுப் போடுங்க. எறும்பு வரும், மூடி வைங்க. பேட்டரி போட்டு ஆடுற பாடுற பொம்மை, டேப்லெட், செஸ் போர்டு, இதெல்லாம் வேணாம், ஜெயிக்கிறது தோக்குறதுன்னு வந்துட்டா வேற திசையில போயிரும். பல்லாங்குழி வைக்கலாமான்னு கேப்பாங்க, பெரிய பிள்ளைகளுக்கு வைங்க, சின்னது சோழியை வாயில போட்டுரும்.

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். ஆட்டிசம் பிள்ளைக்கு ப்ளே தெரபி குடுத்தா பேச்சு வந்துருமா?

பேச்சுக்கு ஸ்பீச் தெரபி. இதை மாத்தி யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க. ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கும் பயம், கோவம், தம்பி பொறந்த பொறாமை எல்லாம் இருக்கும், அதுக்கு ப்ளே தெரபி உதவலாம், கூட இருக்கிற உறவு நல்லாகலாம். ஆனா பொம்மையை வச்சு "சிவப்பு எங்க, காட்டு"ன்னு சொல்லிக் குடுக்கிறது ப்ளே தெரபி இல்ல, அது விளையாட்டு மூலமா பாடம், நல்ல விஷயம் தான், பேர் வேற. இந்த ரெண்டையும் கலந்து விக்கிற சென்டர் இப்ப எல்லா நகர்லயும் இருக்கு, அங்க வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடி உங்களை என்ன செய்யச் சொல்றாங்கன்னு தெளிவா கேட்டுக்கோங்க.

பிள்ளை உள்ள என்ன பண்ணுச்சுன்னு அப்பா அம்மா கேட்டா சொல்லணுமா? ஃபீஸ் அவங்க தானே கட்டுறாங்க

மைனர் பிள்ளை, சம்மதம் குடுத்தது அவங்க, அவங்களை வெளிய நிறுத்தவும் கூடாது, பிள்ளையோட விளையாட்டை அப்படியே ஒப்பிக்கவும் கூடாது. முதல் மீட்டிங்லயே சொல்லிருங்க, "ஒவ்வொரு பொம்மையும் என்ன சொல்லுச்சுன்னு சொல்ல மாட்டேன், பிள்ளை எப்படி இருக்கு, வீட்ல நீங்க என்ன மாத்தணும்னு சில வாரத்துக்கு ஒரு தடவை உக்காந்து பேசுவோம், ஆபத்துன்னா உடனே சொல்லுவேன்". ரூம் வாசல்ல "மேடம் கேக்குறதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்லு, அடம் பண்ணாத"ன்னு சொல்லி அனுப்புவாங்க, முடிஞ்சு வந்ததும் "என்ன கேட்டாங்க என்ன சொன்ன"ன்னு படிக்கட்டுலயே ஆரம்பிச்சுருவாங்க. அதையும் முன்னாடியே பேசிருங்க.

அப்பா அம்மாவை சேத்துக்கிட்டா பலன் கூடும். 1960கள்லயே பெர்னார்ட், லூயிஸ் கர்னி தம்பதி பெத்தவங்களுக்கே இந்த முறையில விளையாடக் கத்துக் குடுத்தாங்க, ஃபிலியல் தெரபின்னு பேரு. பயிற்சியில இதை விட்டுறாதீங்க, தூரத்து ஊர்ல இருந்து வாரா வாரம் வர முடியாத குடும்பத்துக்கு இது தான் கை குடுக்கும்.

யாரோ தப்பா தொட்டாங்கன்னு பிள்ளை விளையாட்டுல காட்டுனா?

ரெண்டு விஷயம் ஒண்ணா ஞாபகம் வேணும். ஒண்ணு, பொம்மையோட துணியை அவுக்குறதை மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாது, எல்லாப் பிள்ளையும் அவுக்கும். "மாமா தொட்டாரா? அங்கயா?"ன்னு வாயில வார்த்தை ஊட்டுனா உண்மையும் கெட்டுப் போகும், நாளைக்கு கேஸும் கெட்டுப் போகும். அன்னைக்கே சூப்பர்வைசரை கூப்பிடுங்க.

ரெண்டு, பிள்ளை சொல்லிருச்சு, இல்ல நடந்திருக்குன்னு தெரிஞ்சுருச்சுன்னா ரகசியம்னு சொல்லிட்டு இருக்க முடியாது. 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி போலீஸ்லயோ சிறார் சிறப்புப் பிரிவுலயோ சொல்லியே ஆகணும், சொல்லாட்டி 21வது பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில், ஒரு நிறுவனத்தோட பொறுப்புல இருக்கிறவங்கன்னா அவங்க கீழ இருக்கிற ஆள் செஞ்ச குத்தத்தை மறைச்சதுக்கு ஒரு வருஷம் வரை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம். "மானம் போயிரும் மேடம், நாங்க குடும்பத்துக்குள்ள பேசிக்கிறோம்"னு அழுவாங்க. அழுதாலும் சொல்லித் தான் ஆகணும், அதை அவங்ககிட்ட நேரா சொல்லிட்டு கூடவே நில்லுங்க. பேர், ஊர், ஸ்கூல் எதுவும் வெளிய போகக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்ல "ஒரு கேஸ் வந்துச்சு"ன்னு போடுறதும் சேத்தி.

எங்க மதினி மகனுக்கே ஆரம்பிச்சு பழகிக்கலாமா? ஃப்ரீயாத் தான்

கூடாது. நாளைக்கு காதுகுத்துக்கு போய் ஒரே பந்தியில உக்காருவீங்க, அந்தப் பய உங்ககிட்ட காட்டுனது மதினியைப் பத்தின கோவமா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஃப்ரீங்கிறதால இது மாறாது. சொந்தம், பக்கத்து வீடு, உங்க கிளாஸ்ல படிக்கிற பிள்ளை, யாரையும் எடுக்காதீங்க. மணி நேரக் கணக்கு சேக்குறதுக்கு ஸ்கூல், ஹோம்னு கோர்ஸ் மூலமாவே எழுத்துல அனுமதி வாங்கிப் போங்க.

இது நிஜமாவே வேலை செய்யுதா, ஆராய்ச்சி இருக்கா? டாக்டர் ஒருத்தர் கிண்டல் பண்ணாரு

இருக்கு. 2005ல பிராட்டன் குழு 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்து நல்ல அளவு பலன் இருக்குன்னு போட்டாங்க, பெத்தவங்களை சேத்து செஞ்சதுல இன்னும் கூடுதல். அதே நேரம் அதுல இருந்த எல்லா ஆய்வும் ஒரே தரம் இல்லன்னு விமர்சனமும் உண்டு, பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைக. டாக்டர் கேட்டா ரெண்டையும் சொல்லுங்க, மரியாதை கூடும். வலிப்பு, திடீர்னு பேச்சு போறது, தன்னைத் தானே காயப்படுத்துறது, இதெல்லாம் பாத்தா விளையாட்டை வச்சுட்டு முதல்ல அந்த டாக்டர்கிட்ட தான் அனுப்பணும், அதனால சண்டை போட்டுக்காதீங்க.

வேலை கிடைக்குமா, சம்பளம் வருமா? இல்ல சேவை தானா?

"ப்ளே தெரபிஸ்ட் தேவை"ன்னு மதுரையில விளம்பரம் வர்றது அபூர்வம். ஸ்கூல் கவுன்சிலர், சிபிஎஸ்இ ஸ்கூல்ல கவுன்சிலர் வைக்கணும்னு விதியே இருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, என்ஜிஓ, ஆஸ்பத்திரி, சென்டர், இதுல உங்க அடிப்படை டிகிரியை வச்சு உள்ள போவீங்க, ப்ளே தெரபி உங்க கையில இருக்கிற கூடுதல் திறமை. ஆரம்பத்துல சம்பளம் ஐடி ஆளுங்க சிரிக்கிற அளவு தான். சொந்தமா பாக்குறதுக்கு கொஞ்ச வருஷம் பிடிக்கும், ஒரு நாளைக்கு நாலஞ்சு பிள்ளைக்கு மேல பாத்தா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

இங்க படிச்சுட்டு ஃபாரின்ல ப்ராக்டீஸ் பண்ணலாமா?

அமெரிக்கா கணக்கு மேல சொல்லிட்டேன், அங்க மாநில லைசென்ஸ் முதல்ல. இங்கிலாந்துல ப்ளே தெரபிஸ்ட்ங்கிற பேருக்கு சட்டப் பாதுகாப்பு இல்ல, ஆர்ட் தெரபிஸ்ட்டுக்கு இருக்கு, ஆனா வேலை குடுக்கிறவங்க அங்க இருக்கிற சங்கங்களோட பதிவைக் கேப்பாங்க. ஃபாரின் போறது தான் குறின்னா கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடியே அந்த நாட்டு சங்கத்துக்கு மெயில் போட்டு, இந்தக் கோர்ஸை ஏத்துப்பீங்களான்னு எழுத்துல பதில் வாங்குங்க. கோர்ஸ் நடத்துறவங்க குடுக்கிற உறுதி இதுக்கு செல்லாது.

நான் பையன். ஆம்பளைங்க இதுக்கு வந்தா பெத்தவங்க நம்பி அனுப்புவாங்களா?

வாங்க, ஆள் குறைவா இருக்கு. அப்பா இல்லாத பயலுகளும், ஆம்பளைன்னாலே நடுங்குற பிள்ளைகளும் ஒரு நல்ல ஆம்பளை கூட ஒரு மணி நேரம் பயமில்லாம இருந்து பாக்குறது பெரிய விஷயம். பெத்தவங்க முதல்ல யோசிப்பாங்க, அது நியாயம் தான், அதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல. கதவுல கண்ணாடி வைங்க, வெளிய ஒரு ஆள் எப்பவும் இருக்கட்டும், பாத்ரூமுக்கு அம்மா தான் கூட்டிட்டுப் போகணும்னு முதல் நாளே சொல்லிருங்க, தொடுறது பத்தி என்ன விதின்னு எழுதி சுவத்துல ஒட்டிருங்க. இதெல்லாம் பொம்பளைங்களுக்கும் சேத்து தான், எங்க ரூம் கதவுலயும் கண்ணாடி இருக்கு.